மாடனிடம் கேட்ட உத்தரவு

மந்திரமூர்த்தியின் கழுத்தைப் பிடித்துக் கிணற்றுச் சுவரோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தான் விஜய்பாண்டி. வேற்றாள் இல்லை, அவர் மனைவியின் உடன்பிறந்த தம்பி. புளியறை செக்போஸ்ட்டில் லாரிகளை மடக்கி மடக்கி உரமேறிய போலீஸ்காரக் கை. மந்திரமூர்த்திக்கு மூச்சு முட்டியது. ஆனாலும் அவர் கையைத் தூக்கவில்லை. வலது மணிக்கட்டில் மஞ்சள் துண்டு வைத்துக் கட்டிய காப்புக் கயிறு இருந்தது. கோயில் கொடைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய சாமியாடி யாரையும் அடிக்கக் கூடாது. அவர்மேலும் யாரும் கை வைக்கக் கூடாது. இரண்டாவது விதியைப் பொழுது விடிந்ததுமே விஜய்பாண்டி காற்றில் பறக்கவிட்டிருந்தான்.

"அத்தான், மத்தியானம் சாமி ஒழுங்கா பேசணும். எடம் மாறுதேன்னு ஒரு வார்த்தை உங்க வாயில வந்துச்சு, அது மாடன் சொன்னதுன்னு நான் நம்ப மாட்டேன். அங்கனயே வச்சு வெட்டிருவேன், பாத்துக்கிடுங்க."

"கைய எடுலே. சாமி என்ன சொல்லும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"உங்களுக்குத் தெரியாது. உங்க வயலுக்குத் தெரியும்."

வரப்பிலிருந்து ஒரு மம்பட்டி பறந்துவந்து விஜய்பாண்டியின் காலடியில் விழுந்தது. இன்னும் ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் பாதம் இரண்டாகியிருக்கும். எறிந்தவள் அவன் அக்கா காளீஸ்வரி. "காப்புக் கட்டுன மனுசன் மேல கைய வைக்கியே, வெளங்குவியாலே நீ?" என்று கத்திக்கொண்டே வந்தாள். தம்பி கையை எடுத்தான். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக் காறித் துப்பிவிட்டுப் போனான்.

இத்தனைக்கும் காரணம் தென்காசியிலிருந்து கேரள எல்லையைப் பார்த்து வந்துகொண்டிருந்த நான்குவழிச் சாலை. அதன் மஞ்சள் கற்கள் வயலையும் தோப்பையும் தாண்டி நேராக வந்து ஊர் எல்லையில் நின்ற கல்மண்டபத்தின் நெஞ்சில் முட்டி நின்றன. யாளியும் குதிரையும் செதுக்கிய தூண்கள். அவற்றின் நிழலில் சுண்ணாம்பு அடித்த சுடலைமாடன் பீடம். மலை தாண்டிப் போன வியாபாரிகள் தங்கிப்போன மண்டபம் என்பதற்குமேல் ஊருக்கு ஒன்றும் தெரியாது. தொல்லியல் துறையிலிருந்து அனுசியா என்று ஒரு அம்மாள் வந்து, தூணைத் தடவி, எழுத்தைப் படியெடுத்து, தென்காசியைப் பாண்டிய ராஜாக்கள் ஆண்ட காலத்துக் கல் இது, இடிக்கவே கூடாது என்றார். சாலைக்காரர்கள் தலையைச் சொறிந்தார்கள். கடைசியில் இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று, மண்டபத்தைக் கல் கல்லாகப் பிரித்து நம்பர் போட்டுக் குளத்துப் புறம்போக்கில் மறுபடி நிறுத்துவது, பீடத்தையும் அங்கேயே கட்டிக்கொள்வது. இல்லையென்றால், சாலையை வடக்கே வளைப்பது. வடக்கே இருந்தது மந்திரமூர்த்தியின் வயல், கிணறு, வீடு. வேறு யாருடையதும் இல்லை.

ஊர் ஒருமனதாக எழுதிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருமனதாம்! டீக்கடை பெஞ்சில் யார் எங்கே உட்காருவது என்பதிலேயே ஒருமனது வராத ஊர் அது. கூட்டம் கூடிய அன்று நாற்காலிகள் பறந்தன. மண்டை உடைந்தவர்களைத் தென்காசி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். அதற்கப்புறம் ஊர்த் தலைவர் சுடலையாண்டிதான், "எடம் மாடனுக்கு. அவன்கிட்டயே உத்தரவு கேட்டுருவோம்" என்றார். எல்லோருக்கும் பிடித்துப்போனது. அடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டு மந்திரமூர்த்தியைத் திரும்பிப் பார்த்தார்கள். மாடன் பேசுவது அவர் வாயால்தான்.

அந்த வாயே விஜய்பாண்டிக்குத் தீராத எரிச்சல். அவனுடைய அப்பாதான் முன்பு சாமியாடி. ஒரு கொடையில் பரிவட்டம் யாருக்கு முதலில் கட்டுவது என்று வந்த தகராறில் மண்டபத்துப் படியிலேயே அவரை வெட்டிப் போட்டார்கள். அடுத்த கொடையில் மகன்மேல் சாமி வரும் என்று ஊரே காத்திருந்தது. குளித்து, மாலை போட்டு, காலையிலிருந்து நின்றான் மகன். வரவில்லை. பந்தலில் இலை போட்டுக்கொண்டிருந்த மருமகன் மந்திரமூர்த்தியைப் பிடித்துத் தூக்கி எறிந்தது சாமி. அன்று விஜய்பாண்டி அழுத அழுகையை மந்திரமூர்த்தி இன்னும் மறக்கவில்லை. அப்பா செத்த கல்லையாவது விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று அவன் நிற்பதில் நியாயம் இல்லை என்று அவரால் சொல்லவும் முடியவில்லை.

காளீஸ்வரி கணவனின் கழுத்துக்கு வெந்நீர் ஒற்றடம் கொடுத்தாள். விரல் பதிந்த இடம் கன்றிப்போயிருந்தது. அந்தக் கிணறு அவள் தோண்டியது. மந்திரமூர்த்தி பட்டாளத்தில் இருந்த வருடங்களில், பாறை தட்டிவிட்டது, விட்டுவிடு என்று எல்லோரும் சொல்லியும் கேட்காமல் ஆள் வைத்து வெடி வைத்து, உடைந்த கல்லைத் தன் தலையிலேயே சுமந்து மேலே ஏற்றியவள். தண்ணீர் கண்ட அன்று உள்ளே இறங்கி இடுப்பளவு நீரில் நின்று சிரித்தாளாம்.

"எங்கய்யா செத்த எடம்தான். எனக்கு மட்டும் வலிக்காதா? ஆனா கல்ல எடுத்து வேற எடத்துல நட்டா கல்லு நிக்கும். கெணத்த எடுத்து நட முடியுமா?" என்றாள்.

"நான் என்ன செய்ய? என் கையில இல்லயே."

"உங்க கையில இல்லன்னா சரி. சாமி வந்து எடம் மாற மாட்டேன்னு சொல்லட்டும், வீட்டச் சாவியோட குடுத்துட்டு வாரேன். சாமி சொல்லணும். நீங்க சொல்லக் கூடாது."

மதியக் கொடைக்குக் கூட்டம் நெருக்கியடித்தது. குற்றாலத்துப் பக்கமிருந்து சாரல் வந்து வந்து போனது. நையாண்டி மேளம் காதைக் கிழித்தது. சாலை என்ஜினீயர் முத்துச்செல்வம் குடையோடு ஓரமாக நின்றார், பக்கத்தில் அனுசியா, அவர்களுக்கு முன்னால் காவலுக்கு வந்த போலீஸ்காரர்கள். மந்திரமூர்த்தி இடுப்பில் அரைக்கால்சட்டை போலச் சல்லடம் கட்டி, குல்லா வைத்து, கையில் மாடனின் வெட்டரிவாளோடு பீடத்தைப் பார்த்து நின்றார். அருவியிலிருந்து கொண்டுவந்த தீர்த்தத்தைக் குடத்தோடு தலையில் கவிழ்த்தார்கள்.

எப்போதும் அந்தக் குளிர்ச்சியில்தான் வரும். குதிகாலில் ஒரு சூடு கிளம்பி முதுகில் ஏறும். அப்புறம் ஒன்றும் தெரியாது, யாரோ சோடா உடைத்துக் கொடுக்கும்போதுதான் நினைவு திரும்பும். இன்று தண்ணீர் தண்ணீராகவே வழிந்தது. குளிர்ந்தது. மேளத்தில் ஒரு அடி தப்பிப் போனதுகூடக் காதில் விழுந்தது. வா மாடா, வா, என்று உள்ளுக்குள் கெஞ்சினார். கழுத்து வலித்தது. கூட்டத்தில் முதல் வரிசையில் விஜய்பாண்டி கை கட்டி நின்றான். எத்தனை நேரம்தான் இப்படி மரம் மாதிரி நிற்பது? மந்திரமூர்த்தி துள்ளினார். வாழ்க்கையில் முதல்முறையாக, தெரிந்தே, சாமி வந்தவரைப் போல ஆடினார்.

கிடாயின் கழுத்தை அறுத்து அவர் வாய்க்கு நேரே பிடித்தார்கள். சாமியோடு இருக்கும்போது எத்தனை கிடாயின் ரத்தம் அவர் தொண்டையில் இறங்கியிருக்கிறது, ருசி தெரிந்ததில்லை. இன்று தெரிந்தது. உப்பு, சூடு, மயிர் நாற்றம். அந்தக் கிடாயின் கண் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. இரண்டு மடக்கு விழுங்கியதும் ஓங்கரித்துவிட்டார். சமாளித்துக்கொண்டு வாயைத் துடைத்து ஒரு அதட்டல் போட்டார். குலவை எழுந்தது.

சுடலையாண்டி கை கூப்பி முன்னால் வந்தார். மேளம் நின்றது.

"அய்யா, மாடா! ரோடு வருது. நீ எடம் மாறுதியா, இங்கனயே இருக்கியா? புள்ளைகளுக்கு உத்தரவு சொல்லு!"

மாறுகிறேன் என்று சொன்னால் கிணறு பிழைக்கும். ஆனால் வயலுக்காகச் சாமியை விற்றவன் என்று பேரக்குழந்தை காலம் வரைக்கும் சொல்வார்கள். மாறமாட்டேன் என்றால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது, தன் சோற்றில் தானே மண்ணை அள்ளிப் போட்டவன் பொய் சொல்லுவானா? மந்திரமூர்த்திக்குக் கல்லின்மேல் பக்தி வந்துவிடவில்லை, மாமனாரின் ஞாபகமும் வரவில்லை. கெட்ட பெயருக்குப் பயம், அவ்வளவுதான். அந்தப் பயம் வாயைத் திறந்தது.

"என் எடத்த விட்டு ஒரு அடி நகர மாட்டேன்! ரோட்ட வளைச்சுக் கொண்டு போங்கலே!"

குலவையில் பந்தல் அதிர்ந்தது. விஜய்பாண்டி ஓடிவந்து அவர் காலில் விழுந்தான். காலையில் கழுத்தைப் பிடித்த அதே கைகளால் பாதத்தைக் கட்டிக்கொண்டு, "என்னப் பெத்த அய்யா! தெரியாம செஞ்சிட்டேன், மன்னிச்சிருங்க" என்று குழந்தைபோல அழுதான். மந்திரமூர்த்தியால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நிமிர்ந்தபோது காளீஸ்வரி எதிரே நின்றாள். அப்பாமேல் சாமி வந்ததையும் கணவன்மேல் வந்ததையும் பக்கத்தில் நின்று பார்த்தவள். கையை ஓங்கி அவர் கன்னத்தில் ஒன்று விட்டாள். குல்லா எகிறிக் கீழே விழுந்தது.

"இது மாடன் இல்ல! பொய் சொல்லுதாரு! ரத்தத்தக் குடிச்சிட்டு ஓங்கரிச்சாரே, கண்ணு அவிஞ்சு போச்சா உங்களுக்கு? எங்கய்யா மேல வந்த சாமிய எனக்குத் தெரியாதா?"

அதற்குமேல் அவளைப் பேசவிடவில்லை. சாமியை அடித்தவளை விடுவார்களா? பெண்கள்தான் முதலில் பாய்ந்தார்கள். கூந்தலைப் பிடித்துச் சாய்த்து, முதுகிலும் தலையிலும் மாறி மாறி அடித்தார்கள். ஒருத்தி கன்னத்தைக் கிழித்தாள். போலீஸ்காரர்கள் உள்ளே நுழைய முடியாமல் விசில் ஊதினார்கள். "எந்திரிலே விஜயா, உங்கக்காவ என்னன்னு கேளு!" என்று யாரோ கத்தினார்கள். விஜய்பாண்டி எழுந்தான். கூட்டத்தை விலக்கிப் போய், கீழே கிடந்த அக்காவின் வயிற்றில் உதைத்தான். ஒன்று. இன்னொன்று. பிறகு பந்தல் கம்பு ஒன்றைப் பிடுங்கி இரண்டு கையாலும் அவள் தலைக்கு மேலே ஓங்கினான்.

மந்திரமூர்த்தி வெட்டினார். அரிவாள் ஏறியதும் தெரிந்தது, இறங்கியதும் தெரிந்தது. கழுத்தைப் பார்த்துத்தான் வீசினார். கடைசி நேரத்தில் மணிக்கட்டு தானாகத் திரும்பித் தோளில் இறங்கியது. எலும்பில் பட்டு அரிவாள் நின்றது. அந்த அதிர்வு அவர் முழங்கை வரை வந்தது. கம்பு கீழே விழுந்தது, அதன்மேல் விஜய்பாண்டி விழுந்தான். கிடாய் ரத்தத்தில் நனைந்திருந்த மண்ணில் அவன் ரத்தமும் ஓடிக் கலந்தது.

"மாடன் பலி எடுத்துட்டான்!" என்று சுடலையாண்டி அலறிக்கொண்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அவர் பின்னால் ஊர் மொத்தமும் விழுந்தது. காளீஸ்வரியை அடித்த கைகள் இப்போது மண்ணைத் தொட்டுக் கும்பிட்டன. விசில் ஊதிய போலீஸ்காரரில் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். என்ஜினீயர் மட்டும் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

"வண்டி எடுங்கலே! தம்பி செத்துருவான்லே!" என்று காளீஸ்வரி தவழ்ந்து வந்தாள். உதடு கிழிந்து தொங்கியது. முந்தானையைச் சுருட்டித் தம்பியின் தோளில் வைத்து உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்து அழுத்தினாள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

விஜய்பாண்டி கண்ணைத் திறந்து மேலே பார்த்தான். அவனுக்கு வலியைவிட, வெட்டியது யார் என்று தெரிய வேண்டியிருந்தது.

"அத்தானா..." என்றான். "சாமியா?"

சாமி என்று சொன்னால் போதும். வெட்டியதற்கு ஊரில் ஒருவனும் சாட்சி சொல்ல மாட்டான், இவன் உட்பட. ஆனால் சொன்ன உத்தரவும் சாமி உத்தரவாகவே நிற்கும், கிணற்றை மூடி ரோடு போடுவார்கள், காளீஸ்வரி சாமியை அடித்தவளாகவே சாகும்வரை இருப்பாள். நான் என்று சொன்னால் எல்லாமே நான்தான். ஆடியதும் நான், சொன்னதும் நான், வெட்டியதும் நான். கல்லு போகும், கிணறு நிற்கும். தண்ணீர் இறைக்க அவர் அங்கே இருக்கமாட்டார், ஜெயிலில் இருப்பார்.

"நான்தாம்லே" என்றார் மந்திரமூர்த்தி.

சாமி பேச வாயைத் திறந்ததைக் கண்ட பெண்கள் குலவையிட்டார்கள். "நான்தான்! மாடன் வரவே இல்ல! கேளுங்கலே, நான்தான்!" என்று அவர் தொண்டை கிழியக் கத்தினார். கத்தக் கத்தக் குலவை ஏறியது, அதோடு மேளக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். தம்பியின் தோளை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தபடி காளீஸ்வரி அவர் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மறுபடியும் வாயைத் திறந்தபோது, யாரோ பின்னாலிருந்து ஓர் அரளி மாலையை அவர் கழுத்தில் போட்டார்கள்.