குதிரைக்கு இரண்டு நிமிடம்

"குதிரைக்காக நேரம் ஒதுக்குன எந்த அரசும் இந்த உலகத்துல நிலைச்சதில்ல. ரோம் போச்சு. மங்கோலியர் போனாங்க. நெப்போலியன் போனான். அடுத்தது மொன்டானா."

கெல்லன் ரூட் இதைச் சிரிக்காமல் சொன்னான். அவன் எதையுமே சிரிக்காமல்தான் சொல்வான். அந்த ஒரு தகுதிக்காகவே கல்லூரிப் பத்திரிகையில் அவனுக்கு வாரம் ஒரு பத்தி கொடுத்திருந்தார்கள். மொன்டானாவின் தலைநகர் ஹெலினாவில் சட்டமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்து உணவகத்தில், சில்லி என்கிற காரக் கறிக்குழம்புக் கிண்ணத்துக்குள் இலவங்கப்பட்டை ரொட்டியை முக்கி எடுத்தபடி, எதிரில் உட்கார்ந்திருந்த வெர்னா ஸ்ட்ராண்டிடம் சொன்னான். இந்தக் கூட்டத்தொடருக்கு அவன் வெர்னாவின் உதவியாளன். வெர்னா மாட்டுப் பண்ணைக்காரி, ஐந்து தடவை ஜெயித்த உறுப்பினர், விவசாயம், கிராம நலன் இரண்டையும் பார்க்கும் குழுவின் தலைவி.

"மங்கோலியர் எத்தனை வருஷம் ஆண்டாங்க தம்பி?"

"ஒரு நூத்தம்பது இருக்கும், மேடம்."

"நாம ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா தொண்ணூறு நாள் கூடுறோம். அவங்க அளவுக்கு வந்தாலே எனக்குச் சந்தோஷம். ரொட்டிய முழுங்கிட்டுப் பேசுங்க."

அன்று அவன் பேச்சில் கிண்டல் பாதிதான். குழுக்களைத் தாண்டாத மசோதாக்கள் அன்று மாலையோடு செத்துப்போகும். மறுபடி உயிர் பெற இரண்டு ஆண்டு ஆகும். வெர்னாவின் குழுவில் இரண்டு மிச்சம் இருந்தன. முதலாவது, குதிரையை இறைச்சிக்குக் கொல்வதையும், அதற்காக எல்லை தாண்டி அனுப்புவதையும் தடை செய்வது. இரண்டாவது, சின்ன ஊர்களில் ஆம்புலன்ஸ் ஓட்டும் தொண்டர்களுக்குக் கொஞ்சம் சம்பளம் கொடுப்பது. மூன்று மணிக்கு உட்கார்ந்தால் ஐந்து மணிக்கு அறையை வரிக் குழுவுக்கு விட்டுக்கொடுத்தாக வேண்டும். குதிரைக்காரர்கள் காலையிலேயே வந்து நடைபாதையை அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது மசோதாவின் முதல் வரைவைத் தட்டச்சு செய்தவன் கெல்லன். அவன் ஊர் ஆஷ் க்ரீக். அங்கே ஆம்புலன்ஸ் உண்டு. அதை ஓட்ட அவன் அப்பா ஆரின் உண்டு. ஆனால் வண்டியில் இரண்டு பேர் இல்லாமல் கிளம்பக்கூடாது என்பது விதி. இரண்டாவது ஆள் வேலை தேடி ஊரைவிட்டுப் போய்விட்டான். போன இலையுதிர்காலத்தில் அம்மா சமையலறையில் பேச்சிழந்து விழுந்தபோது, அப்பா தன் வண்டியைக் கொட்டகையில் வைத்துக்கொண்டு பக்கத்து மாவட்டத்து வண்டிக்காகக் காத்திருந்தார். அம்மா பிழைத்தாள். பேச்சு திரும்பிவிட்டது. இடது கை திரும்பவில்லை.

"ஆம்புலன்ஸ முதல்ல எடுங்க, மேடம். தூரத்துல இருந்து வர்றவங்களுக்கு முதல் இடம்னு நீங்கதானே வழக்கம் வெச்சிருக்கீங்க? ஆஷ் க்ரீக்தான் எல்லாத்தையும் விட தூரம்."

"அது ஒரு மசோதாவுக்குள்ள. பனியில வண்டி ஓட்டிட்டுத் திரும்பிப் போகணுமேன்னு செஞ்சது. மசோதாவையே தூக்கி முன்ன வெக்கறதுக்கு இல்ல." வெர்னா கிண்ணத்தைத் தள்ளிவைத்தாள். "பேசுறவங்களுக்கு நேரம் காட்டுற அட்டை உங்க கையிலதான் இருக்கு. ஆளுக்கு ரெண்டு நிமிஷம். ஒழுங்கா காட்டுனா உங்க ஆம்புலன்ஸுக்கும் நேரம் மிஞ்சும்."

ஆக, மொன்டானாவைக் காப்பாற்றும் பொறுப்பு பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று அட்டைகளாக கெல்லனின் கைக்கு வந்து சேர்ந்தது.

மூன்று மணிக்குக் குதிரை மசோதா தொடங்கியது. முதலில் ஆதரவாளர்கள். நூறு மைலுக்கு மேலிருந்து வந்தவர்கள் கை தூக்க, அவர்களை முன்னால் விட்டாள் வெர்னா. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி ஒலிவாங்கியைப் பிடித்தாள். "என் பேரு மார்வா டீட்ஸ். எங்கிட்ட பதினாலு குதிரை இருக்கு. எல்லாம் கறிக்குன்னு லாரியில ஏத்துறதுக்கு முன்னாடி நான் வாங்குனது. மூத்தவ பேரு க்ளோவர், இருபத்தாறு வயசு, செம்பட்டை, நெத்தியில வெள்ளை..."

கெல்லன் பச்சையைப் பிடித்தபடி மனதுக்குள் ஒரு கோடு போட்டான். போன வாரப் பத்தியில் அவன் எழுதியது இதைத்தான்: குதிரையைப் பற்றிப் பேச வருகிற எவரும் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை; கல்யாணத் தரகர் ஜாதகம் ஒப்பிப்பது போல பேர், வயசு, நிறம் ஒப்பித்துவிட்டுப் போகிறார்கள். பத்திக்கு நல்ல வரவேற்பு. அவன் அறைத்தோழன் அதை வெட்டிக் குளிர்பெட்டியில் ஒட்டியிருந்தான்.

க்ளோவருக்குப் பிறகு பிரின்சஸ் என்று ஒரு குதிரை, பட்டி என்ற பேரில் இரண்டு, கவர்னர் என்று ஒன்று. கவர்னர் ஒரு கண் குருடு. மஞ்சள் அட்டையைப் பார்த்ததும் எல்லோரும் அவசரமாகக் குதிரையின் கடைசி நாட்களுக்குத் தாவினார்கள். சிவப்பைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கெல்லன் யாருக்கும் ஒரு நொடி கூடுதலாகக் கொடுக்கவில்லை. ஒரு கிழவர் கவர்னரின் மூக்கைத் தடவிக்கொடுப்பதுபோலக் காற்றில் கையை வைத்திருந்தபோதே சிவப்பு எழுந்தது. கை காற்றிலேயே கொஞ்ச நேரம் நின்றது.

அடுத்து எதிர்ப்பாளர்கள். கெல்லன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இவர்களாவது வாதம் பேசுவார்கள்.

"டேல் சாண்ட்விக். மாடு வளக்கிறேன்," என்றார் தொப்பியை மார்போடு அணைத்துக்கொண்ட பருமனான ஒருவர். "சட்டம் போட்டா என்ன ஆகும்? கிழக் குதிரைய எவனும் வாங்க மாட்டான். மலையில அவுத்து விட்டுட்டு வந்துருவான். பட்டினியில சாகும், இல்ல ஓநாய் தின்னும். அது மட்டும் நல்ல சாவா?" கெல்லன் தலையாட்டினான். சபாஷ், இது பேச்சு. "இதச் சும்மா சொல்லல. எங்கிட்ட டியூக்னு ஒருத்தன் இருந்தான். கறுப்பு. பத்தொம்பது வயசு..."

கெல்லனின் தலை பாதி ஆட்டத்தில் நின்றது.

எதிர்ப்பாளர்கள் வரிசை முழுக்க அதே கதை. விற்றவனும் விற்காதவனும், வேண்டும் என்றவனும் வேண்டாம் என்றவனும் ஒரே ஜாதகத்தைத்தான் ஒப்பித்தார்கள். கிண்டலைத் தாண்டி அவனுக்குள் ஒரு அரிப்பு தொடங்கியது. ஆம்புலன்ஸுக்காக ஆள் திரட்ட அவன் ஒரு மாதம் தொலைபேசியில் கெஞ்சியிருக்கிறான்; நான்கு பேர் வர ஒப்புக்கொண்டார்கள். இவர்களை யாரும் கெஞ்சியதாகத் தெரியவில்லை. பள்ளத்தாக்கு முழுக்கப் பனி விழுந்துகொண்டிருக்கும்போது, எட்டுமணி நேரம் ஓட்டிவந்து, இரண்டு நிமிடம் ஒரு குதிரையின் பேரைச் சொல்லிவிட்டுப் போவதில் ஒரு மனுஷனுக்கு என்னதான் கிடைக்கிறது? பத்தியில் அவன் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் பத்தி அவ்வளவு நன்றாக வந்திருக்காது.

மணி நாலரையைத் தாண்டியபோது ஆஷ் க்ரீக் ஆட்கள் பூட்ஸில் பனியோடு உள்ளே வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். அப்பா கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கெல்லன் கடிகாரத்தைக் காட்டி, 'இன்னும் கொஞ்சம்' என்று விரலால் சைகை செய்தான். அப்பா தலையசைத்தார்.

"ஆதரவும் இல்ல, எதிர்ப்பும் இல்ல, தகவல் மட்டும் சொல்லணும்கிறவங்க?" என்றாள் வெர்னா. இந்த வரிசைக்கு வழக்கமாகக் கால்நடைத் துறை அதிகாரி ஒருவர் வந்து புள்ளிவிவரம் வாசிப்பார். அன்று அவரும் பனியில் மாட்டிக்கொண்டார். வெர்னா சுத்தியலைத் தூக்கினாள்.

பின்வரிசையில் அப்பா எழுந்தார்.

அப்பா தப்பான மசோதாவுக்கு எழுந்துவிட்டார் என்று கெல்லனுக்குத் தோன்றியது. கண்ணாலேயே அதட்டினான், கையால் உட்காரச் சொன்னான், கடைசியில் சிவப்பு அட்டையையே இரண்டு தடவை ஆட்டினான். அப்பா அதையெல்லாம் பார்த்துக்கொண்டே நிதானமாக நடந்துவந்து ஒலிவாங்கியைத் தன் வாய்க்கு நேராக வளைத்தார்.

"ஆரின் ரூட். ஆஷ் க்ரீக். நான் அடுத்ததுக்குத்தான் வந்தேன். ஆனா இதையும் கேட்டுட்டுப் போயிடறேன்." தொண்டையைக் கனைத்தார். "தகவல்னு சொல்ல எங்கிட்ட ஒண்ணும் இல்லம்மா. கேள்விதான் இருக்கு. வீட்டுல ஒரு குதிரை. நிக்கல்னு பேரு. சாம்பல் நிறம். இருபத்தெட்டு ஆவுது. பையனோடது."

கெல்லன் கையில் பச்சை அட்டை இருந்தது. அதை எப்போது தூக்கினான் என்று அவனுக்கு நினைவில்லை.

"பையன் படிக்க வந்ததுக்கு அப்புறம் எம் பொண்டாட்டிதான் பாத்துக்கிட்டா. இப்ப அவளுக்கு ஒரு கை வரல. வைக்கோல் தூக்க முடியாது, ஐஸை உடைச்சுத் தண்ணி வெக்க முடியாது. நான் பாதி நாள் ரோட்டுல இருக்கேன். செவ்வாய்க்கிழமை ஏலம். கொண்டு போனா யாரு வாங்குவான், எந்தப் பக்கம் லாரி போகும்னு எனக்கு நல்லாத் தெரியும். வீட்டுலயே சுடலாம். துப்பாக்கிய எடுத்துட்டு ரெண்டு தடவ கொட்டகைக்குப் போனேன். நிக்கல் சர்க்கரைக் கட்டி தர்றேன்னு நெனச்சு என் பாக்கெட்டத் தேடுறான்."

அறையில் யாரோ மெதுவாகச் சிரித்தார்கள், மார்வா டீட்ஸ்தான். டேல் சாண்ட்விக் தொப்பியின் உட்புறத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"சட்டம் வந்துட்டா ஏலத்துல வாங்க ஆள் இருக்காது, நானே சுடணும். வரலேன்னா கொண்டு போயிடுவேன், என்னப் பத்தி எனக்குத் தெரியும். ரெண்டுல எது நடக்கணும்னு வேண்டிக்கிறதுன்னு தெரியல. எங்கூர்ல இதப் பத்திக் கேட்டா ஆளாளுக்கு வானத்தப் பாக்கறாங்க. இங்க இதையே மத்தியானம் பூரா பேசுறாங்கன்னு கேள்விப்பட்டேன். அதான்."

நின்றார். குழு பதில் சொல்ல விதியில் இடமில்லை. அப்பா கெல்லன் பக்கம் திரும்பினார்.

"டேய், நேரம் ஆயிடுச்சுடா. சிவப்பக் காட்டு."

"பாவம், தம்பிக்குப் பச்சை பிடிச்சே கை மரத்துப் போச்சு போல," என்றாள் வெர்னா.

சுவர்க் கடிகாரத்தைக் கெல்லன் அப்போதுதான் பார்த்தான். ஐந்துக்குப் பத்து நிமிடம். காலையில் அவன் ஆம்புலன்ஸுக்கென்று கணக்குப் போட்டு வைத்திருந்தது இருபத்தைந்து. ஒரு மதியம் முழுக்க, ஒரு கிழவரின் கையைக்கூடக் காற்றில் நிறுத்திப் பேச்சை வெட்டியவன், தன் வீட்டு ஆளுக்கு மட்டும் நேரத்தை வாரி இறைத்திருந்தான்.

வெர்னா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். "குதிரை விசாரணைய அப்படியே நிறுத்தி வெக்கிறேன், முடிக்கல. ஆஷ் க்ரீக் ஆளுங்க மலைப்பாதை அடைக்கிறதுக்குள்ள கிளம்பணும். ஆம்புலன்ஸ எடுத்துக்கறோம். பேசுறவங்க வாங்க."

நான்கு பேர் போனார்கள். பேரும் ஊரும் சொல்லி, ஆதரிக்கிறோம் என்றார்கள். அப்பா மட்டும் கூடுதலாக ஒரு வாக்கியம் சொன்னார்: "வண்டி இருக்கு, டீசல் இருக்கு, பக்கத்து சீட்டுதான் காலி." எதிர்ப்பாளர்கள்? யாரும் இல்லை. தகவல்? இல்லை. கேள்வி? இல்லை. கை தூக்கச் சொன்னபோது எல்லாக் கைகளும் எழுந்தன. கெல்லன் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து தயாரித்த மறுப்புகள், மறுப்புக்கு மறுப்புகள் எல்லாம் கோப்புக்குள் மடித்தது மடித்தபடியே கிடந்தன. அவன் உயிரைக் கொடுத்துக் காத்த மசோதாவுக்கு ஐந்து நிமிடத்துக்கும் குறைவாகவே போதுமாக இருந்தது. யாருக்கும் அதில் கேட்க ஒன்றுமே இல்லை.

பின்வரிசை எழுந்தது. அப்பா கதவை நோக்கி நடந்துகொண்டே பொத்தான்களைப் போட ஆரம்பித்தார். நடைபாதையில் வரிக் குழுவின் ஆட்கள் காகிதக் கோப்பைகளோடு நின்றிருந்தார்கள்.

"நிறுத்தி வெச்சதத் திறக்கிறேன்," என்றாள் வெர்னா, சம்பிரதாயத்துக்காக. "குதிரை மசோதா. இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு. வேற யாராவது உண்டா?"

சுத்தியல் எழுந்தது.

கெல்லன் மூன்று அட்டைகளையும் மேசைமேல் கவிழ்த்து வைத்தான். அவனுக்கும் ஒலிவாங்கிக்கும் நடுவில் ஏழெட்டு அடிதான் இருக்கும். மதியம் முழுக்க அத்தனை பேர் அதைக் கடந்து வந்ததை உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்திருக்கிறான். எழுந்து போய் அதன் முன் நின்றான். ஒலிவாங்கி இன்னும் அப்பாவின் உயரத்துக்கே வளைந்திருந்தது. அவன் அதைத் தொடவில்லை; கொஞ்சம் குனிந்துகொண்டான்.

"ஆதரவா தம்பி, எதிர்ப்பா?" வெர்னாவின் குரலில் கிண்டல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினாள்.

"என் பேரு கெல்லன் ரூட்," என்றான். "எங்கிட்ட ஒரு குதிரை இருக்கு. நிக்கல். இருபத்தெட்டு வயசு. சாம்பல் நிறம், ஆனா வயித்துப் பக்கம் மட்டும்..."

கதவருகே அப்பா நின்றுவிட்டார். கோட்டில் பாதிப் பொத்தான்கள் போட்டிருந்தன. மேல் பொத்தானில் விரல்கள் அப்படியே இருந்தன. வெளியே காத்திருந்தவர்களுக்காகக் கதவைத் தோளால் திறந்து பிடித்துக்கொண்டு, அடுத்து என்ன சொல்லப்போகிறான் என்று தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.