கொடுக்கு மணலில் இறங்கும் அரை வினாடி

காத்தவராயன் பதினோராவது முறையாகச் செத்தான். கையிலிருந்த கண்ட்ரோலரைக் கீழே வைக்காமலேயே, "இன்னொரு தடவ ஆடிக்கிறேன் சார்" என்றான்.

சேதராப்பட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் ஷிப்ட் வேலை அவனுக்கு. சனிக்கிழமைகளில் முத்தியால்பேட்டையில் இருக்கும் இந்தச் சின்ன வீடியோ கேம் ஆபீசுக்கு வருவான். பாதி முடிந்த கேமை ஆடிப் பார்த்து எங்கே சலிக்கிறது, எங்கே பிடிக்கிறது என்று சொல்வான். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்கும் ஒரு சொல்தா வீட்டின் மாடிதான் ஆபீஸ்.

நிர்மலா அவனுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் இருந்தது ஒற்றைக் கொடுக்கு நண்டு. கேமின் கடைசியில் வரும் பெரிய எதிரியை பாஸ் என்பார்கள். அந்த இடத்துக்கு இரண்டு பேர் போட்டி. நிர்மலா செய்தது மூன்று தலைப் பாம்பு. நண்டு கூட வேலை செய்யும் வெற்றிச்செல்வனுடையது.

பாம்பைச் செய்ய அவளுக்கு ஏழு மாதம் ஆனது. நெருப்பு, புயல், இடிந்து விழும் கோயில் மண்டபம் எல்லாம் அதில் உண்டு. காலையில் காத்தவராயன் அதை மூன்றாவது முறையில் ஜெயித்தான். "நல்லா இருக்குங்கக்கா" என்று சொல்லிவிட்டு போனை எடுத்துப் பார்த்தான்.

பதினாலாவது முறை நண்டு சாய்ந்தபோது அவன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல அறையைச் சுற்றிப் பார்த்தான். பக்கத்தில் இருந்த நிர்மலாவின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

முதலாளி சக்கரபாணிக்கு அதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை. "புதன்கிழம பெங்களூர்லேருந்து பணம் போடறவங்க வராங்க. கடைசி பாஸ் நண்டுதான். பாம்ப நடுவுல வச்சிக்கலாம், நிர்மலா."

"சரி சார்" என்றாள்.

அவளும் வெற்றிச்செல்வனும் ஆறு வருடம் முன்பு ஒரே மாதத்தில் சேர்ந்தவர்கள். அவள் எதிரிகளை யோசிப்பாள், அவன் அவற்றுக்கு அசைவு வரைவான். இந்த நண்டுதான் அவன் தனியாக யோசித்த முதல் பாஸ். மூன்றே வாரத்தில் முடித்திருந்தான். அன்று மாடிப்படி இறங்கும்போது, "எல்லாம் உங்கிட்டப் பாத்துக் கத்துக்கிட்டதுதான்" என்றான். அவன் அதை மனதாரச் சொன்னான் என்பது அவளுக்குத் தெரிந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரெட்டியார்பாளையம் வீட்டில் லேப்டாப்பைத் திறந்து நண்டை ஆட உட்கார்ந்தாள். குறை கண்டுபிடிப்பதுதான் நோக்கம். ஒரு பேப்பரும் பேனாவும் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். முதல் ஆட்டத்தில் இருபது வினாடியில் செத்தாள். நாலாவதில் ஒரு நிமிஷம் தாக்குப்பிடித்தாள். ஒன்பதாவதில்தான் அது கண்ணில் பட்டது. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் நண்டு தன் கொடுக்கை மணலில் லேசாக இறக்குகிறது. அரை வினாடிதான். அதைக் கவனித்தவன் தப்பிக்கலாம். கவனிக்காதவன் சாவான். செத்தாலும், அது முன்னமே சொல்லிவிட்டுத்தானே அடித்தது, நாம்தானே பார்க்கவில்லை என்று தோன்றும். பாதி உயிர் போனதும் நண்டு வேகம் கூட்டியது. ஆனால் புதிதாக எதையும் கொண்டுவந்து ஏமாற்றவில்லை. அதுவரை கற்றுக்கொடுத்ததைத்தான் மாற்றி மாற்றிக் கேட்டது.

பத்தொன்பதாவது முறை ஜெயித்தாள். தன்னை அறியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிக்கிறோம் என்று உணர்ந்ததும் வயிற்றுக்குள் ஏதோ எரிந்தது.

"என்ன, முடிச்சிட்டியா?" என்று கணவன் கோபிநாத் சமையலறையிலிருந்து கேட்டான்.

"ஒண்ணும் பெரிசா இல்ல" என்றாள். பேப்பரில் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

தன் பாம்பு ஒரு தடவையாவது இப்படிச் சொல்லிவிட்டு அடித்ததா என்று நினைத்துப் பார்த்தாள். இல்லை. அது ஆடுகிறவனைத் திரும்பிப் பார்த்ததே இல்லை, தன் அழகைக் காட்டிக்கொண்டிருந்தது. இவ்வளவும் அவனுக்கு மூன்று வாரத்தில் எப்படிப் பிடிபட்டது? இரவெல்லாம் புரண்டாள்.

திங்கட்கிழமை மதியம் வெற்றிச்செல்வன் டீ குடிக்க இறங்கியதும் அவனுடைய ஃபைலைத் திறந்தாள். கொடுக்கு இறங்கும் நேரம் முப்பது பிரேம், அதாவது அரை வினாடி, என்று இருந்தது. அதைப் பதினொன்று ஆக்கினாள். வேறு எதையும் தொடவில்லை.

காத்தவராயனுக்கு அந்த வாரம் ராத்திரி ஷிப்ட். அதனால் செவ்வாய்க்கிழமை காலையில் கடைசியாக ஒருமுறை ஆடிப் பார்க்க அவனையே கூப்பிட்டிருந்தார்கள். ஆறு முறை செத்துவிட்டு கண்ட்ரோலரை மேசையில் வைத்தான்.

"என்னப்பா ஆச்சு?" என்றார் சக்கரபாணி.

"இது வேற மாதிரி இருக்கு சார். அன்னிக்கு செத்தா என் தப்புன்னு தெரிஞ்சிது. இன்னிக்கு அதுவா சாவடிக்குது."

வெற்றிச்செல்வன் தானே ஆடிப் பார்த்தான். அடி விழும் தாளம் மாறவில்லை, அது அவன் கைக்கு மனப்பாடம். கண்ணால் பார்க்காமலே தப்பித்தான், அதனால் எது மாறியது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஃபைலை யார் மாற்றினார்கள் என்று கம்ப்யூட்டரில் பார்க்க இரண்டு நிமிஷம் போதும். நிர்மலாவின் பேரும் நேரமும் அங்கேயே இருந்தன. அவன் பார்க்கவில்லை. தப்பு தன்னுடையது என்று முடிவு செய்துவிட்டவனுக்கு அது தோன்றவேயில்லை.

"சனிக்கிழம ஏதோ குருட்டு அதிர்ஷ்டம் போல" என்று சொல்லிவிட்டு வேலையில் இறங்கினான். முதலில் நண்டின் உயிரைக் குறைத்தான். பிறகு வேகத்தைக் குறைத்தான். சாயங்காலம் ஆவதற்குள் அது சோம்பிப்போய் நின்றது. நிர்மலா எதிர் மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தாள். வர வேண்டிய சந்தோஷம் வரவில்லை. அந்த நண்டு எவ்வளவு நல்லது என்று அந்த அறையில் அவளுக்குத்தான் சரியாகத் தெரியும்.

ஐந்து மணிக்கு அவன் நாற்காலியைத் திருப்பினான். "உன் பாம்பே கடைசி பாஸா இருக்கட்டும், நிர்மலா. அதுல ரிஸ்க் இல்ல. நான் சார்கிட்ட சொல்லிடறேன்."

அவன் எழுந்துவிட்டான். சக்கரபாணியின் அறைக் கதவு வரை போய்விட்டான்.

"வெற்றி, இரு" என்றாள். "கொடுக்கு எறங்கற நேரத்தப் பாரு. நான்தான் மாத்துனேன்."

அவன் திரும்பி வந்து ஃபைலைத் திறந்தான். பதினொன்று என்ற எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதுதான்னு உனக்கு எப்படித் தெரிஞ்சிது?"

"ஞாயித்துக்கிழம பத்தொம்போது தடவ செத்துச் செத்து ஆடுனேன். இத ஒண்ண எடுத்துட்டா எல்லாம் போயிடும்னு தெரிஞ்சிது."

"நல்லா இல்லைன்னா சொல்லியிருக்கலாமே."

"நல்லா இருந்திச்சு. அதான்."

அவன் திரையின் பக்கம் திரும்பினான். முப்பது என்று திருத்தினான். அன்றைக்கு வெட்டியதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தான். முடிக்க எட்டு மணி ஆனது. கூட உட்காரட்டுமா என்று அவள் கேட்டதற்கு, "வேணாம், நீ கெளம்பு" என்றான்.

புதன்கிழமை பெங்களூரிலிருந்து வந்திருந்த பெண், பாம்பை இரண்டாவது முறையில் முடித்து, மேலே போகலாம் என்றாள். நண்டிடம் எட்டு முறை தோற்றாள். ஜெயித்தபோது இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே இருந்தாள். எல்லோரும் வெற்றிச்செல்வனைச் சுற்றி நின்றார்கள். நிர்மலாவும் கை தட்டினாள். ஞாயிற்றுக்கிழமை எரிந்த அதே இடம் எரிந்தது. உண்மையைச் சொல்லிவிட்டால் அது அணைந்துவிடும் என்று நினைத்திருந்தாள்.

அவள் செய்ததை வெற்றிச்செல்வன் யாரிடமும் சொல்லவில்லை. "ஒரு நம்பர் மாறிப்போச்சு சார்" என்று மட்டும் சக்கரபாணியிடம் சொல்லியிருந்தான்.

வியாழக்கிழமை காலையில் ஏதோ வேலையாக அவனுடைய ஃபைலைத் திறக்கப் போனாள். பாஸ்வேர்டு கேட்டது. ஆறு வருடத்தில் அவர்களுக்குள் அப்படி ஒன்று இருந்ததில்லை. எதிரே அவன் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மத்தியானம் அவன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கீழே போய் மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டான்.