குரைக்காத காவல்

இந்தக் காலத்தில் எவரும் நேராக விஷயத்துக்கு வருவதில்லை. கத்தி வைக்க வேண்டுமென்றால்கூடப் படம் வரைந்து, கதை சொல்லி, தலையைத் தடவித்தான் வைக்கிறார்கள். மரக்கடையில் ஆயுளெல்லாம் இரவுக் காவல் பார்த்த கிழவருக்கு அந்தத் தடவல்தான் பிடிக்கவில்லை.

குதிகாலில் இருந்த கரும்புள்ளியை மெலனோமா என்னும் புற்று என்றார்கள். வெட்டட்டும், சரி. ஆனால் இந்த டாக்டரம்மா தொடை இடுக்கிலும் கை வைக்கப் பார்த்தார்.

“திருடன் குதிகால்ல. இடுக்குல எதுக்கும்மா சோதனை?”

“குதிகாலுக்குக் காவலே இடுக்குல இருக்கிற நெறிதான் ஐயா, நிணநீர் முடிச்சு. புற்று அங்க போய்ச் சேர்றதுக்கு முன்னாலயே ஏதேதோ சுரந்து அனுப்பி, எதிர்ப்பு அணுக்களை மந்தமாக்கிடும். அப்புறம் உள்ள நுழைஞ்சாலும் கேக்க ஆளிருக்காது. குதிகால்லேர்ந்து வர்ற நீர் முதல்ல போய்ச் சேர்ற நெறியை மட்டும் எடுத்துப் பாத்துடலாம்.”

“நெறி கட்டினா எனக்குத் தெரியாதா? தெனமும் அமுக்கிப் பாக்குறேன். வீக்கமில்ல, வலியில்ல. கம்முனு கெடக்கு.”

“கம்முனு கெடக்கிறதுலதான் எனக்குச் சந்தேகம்.”

கிழவர் கூட வந்திருந்த மகளைத் திரும்பிப் பார்த்தார். வீங்கினாலும் வெட்டுவார்களாம், வீங்காவிட்டாலும் வெட்டுவார்களாம், கேட்டாயா என்றது அந்தப் பார்வை. மகள் மசியவில்லை.

“அப்பா, மரக்கடை நாய் காத்தடிச்சாலே குரைக்கும்னு சொல்வீங்களே. ஒருநா சத்தத்தையே காணோம்னு நீங்கதானே வேலியோரம் போய்ப் பாத்தீங்க?”

பார்த்தார்தான். உள்பக்கம் புத்தம்புது எலும்புத் துண்டுகள் கிடந்தன. எவனோ வெளியிலிருந்து போட்டுப் பழக்கியிருந்தான். கடையில் ஒரு பலகைகூடக் குறையவில்லை. நாய் மட்டும் விலைபோயிருந்தது.

“நாய் வாலை ஆட்டிச்சு, கண்டுபிடிச்சேன். இது எந்த வாலை ஆட்டுது?”

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். “வால் இல்லாததாலதான் ஐயா எடுத்துப் பாக்கணும்கிறேன்.”

கிழவர் விடுவதாயில்லை.

“பாத்து ஒண்ணுமில்லேன்னா?”

“சந்தோஷம்தான்.”

“வெட்டினது வெட்டினதுதானே?”

“ஆமா. கால் கொஞ்சம் வீங்கவும் செய்யலாம். அதையும் மறைக்கல.”

கிழவர் எழுந்து, குதிகாலை ஊன்றாமல் வாசல்வரை போனார். யாரும் பார்க்காத மாதிரி கால்சட்டைப் பைக்குள் கைவிட்டு இடுக்கை அமுக்கினார். நெறியிடமிருந்து ஒரு முனகல்கூட இல்லை.

“திங்கக்கெழமை வெட்டிக்க வர்றேன்,” என்றார் திரும்பாமலே. “உங்களை நம்பி இல்லம்மா. இதையும் நம்பல, அவ்வளவுதான்.”

நொண்டிக்கொண்டே படியிறங்கிப் போனார்.