எஞ்சினுக்கு அபிஷேகம்

தாலி அறுத்தவள் பொட்டு வைத்தால் வண்டி ஓடாதாம்! சொன்னது யாரோ எவரோ இல்லை, தமயந்தியின் கணவனுக்குக் கூடப்பிறந்த அண்ணன் முனிகிருஷ்ணன். அதுவும் வீட்டுக்குள் இல்லை. பெங்களூர் பொம்மனஹள்ளித் தெருவே கேட்கும்படி வாசலில் நின்று சொன்னார்.

கணவன் குணசேகர் போய் இரண்டு வருஷம். அவன் விட்டுப்போன பழைய பெட்ரோல் பிக்கப்பில்தான் தமயந்தி தினமும் பன்னிரண்டு மெஸ்ஸுக்கு இட்லி மாவு கொண்டுபோய்ப் போடுகிறாள். வண்டி நின்றால் வீட்டில் அடுப்பும் நின்றுபோகும். இந்த ஆயுத பூஜைக்கு அவளே கழுவி, அவளே குங்குமம் வைத்தாள். வந்தாரே முனிகிருஷ்ணன்! முதல் வேலையாகக் குங்குமத்தைத் துடைத்தார். முறைப்படி பண்ணுகிறேன் பேர்வழி என்று சீட்டைத் தூக்கி, அடியில் இருந்த எஞ்சினுக்கு ஒரு குடம் மஞ்சள் தண்ணீரால் அபிஷேகமே நடத்திவிட்டார். மறுநாள் வண்டி மிஸ்ஸிங் அடித்து, குலுங்கிக் குலுங்கி நின்றது. முனிகிருஷ்ணன் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"எஞ்சின் போச்சும்மா. எல்லாம் உன் கை பட்ட நேரம். நாளைக்கு வண்டி வாங்க ஆள் கூட்டினு வரேன், ஆர்.சி. புக்கை எடுத்து வை."

விற்றுவிட்டு மாவுத் தூக்கைத் தமயந்தி தலையிலா சுமப்பது? வண்டி குலுங்கினால் முதலில் பார்க்க வேண்டியது பெட்ரோலுக்குப் பொறி கொடுக்கும் ஸ்பார்க் பிளக்கைத்தான்; விடிந்து கடை திறந்ததும் நாலு புதுசு வாங்கிவந்தாள். முதுகுவலிக்காரன் குணசேகர் உயிரோடு இருந்தபோதே பாதி நாள் பிளக் மாற்றியது அவள்தான். இது இந்த மகானுக்கு எங்கே தெரியும்?

சீட்டைத் தூக்கி, பிளக் ஒயரைப் பிடுங்கி, டார்ச் அடித்தாள். பிளக் உட்கார்ந்திருந்த குழியில் தண்ணீர் தளும்பியது. அடுத்த மூன்றிலும் அப்படியே. எல்லாம் பளிச்சென்று மஞ்சள்.

அந்த நேரம் பார்த்து வாங்குகிற ஆளோடு வந்து இறங்கினார் முனிகிருஷ்ணன்.

"மாமா, இங்க வந்து பாருங்க. குழியில தண்ணி நிக்குது."

"மழைத் தண்ணியா இருக்கும்."

"பெங்களூர்ல எப்பலேர்ந்து மாமா மஞ்சளா மழை பெய்யுது?"

வாங்க வந்த ஆள் குபீரென்று சிரித்துவிட்டான். முனிகிருஷ்ணன் அவனை முறைத்தார்.

தமயந்தி துணியை உள்ளே விட்டுத் துளி ஈரமில்லாமல் ஒற்றியெடுத்தாள். ஸ்பேனர் போட்டுப் பழைய பிளக்குகளைக் கழற்றினாள். புதியவற்றை முதலில் கையால்தான் திருகினாள். மரை தப்பினால் அப்போது நிஜமாகவே எஞ்சின் போய்விடும். பிறகு அளவாக முறுக்கி, ஒயரை மாட்டி, சீட்டை இறக்கி ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருப்பினாள். வண்டி ஒரே பிடியில் கிளம்பி, ஒரு குலுக்கல் இல்லாமல் ஓடியது.

முனிகிருஷ்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பாத்தியா! நான் முறையா பண்ண பூஜை. சாமி கைவிடல."

அடப்பாவி மனுஷா! கெட்டால் அவள் கை, ஓடினால் இவர் பூஜையா? தமயந்தி இறங்கிவந்தாள்.

"கை நீட்டுங்க மாமா."

பழக்க தோஷத்தில் அவர் இடது கைமேல் வலது கையை வைத்துப் பவ்யமாக நீட்டினார். மஞ்சள் அப்பிய நாலு பழைய பிளக்கையும் அதில் போட்டாள்.

"பிரசாதம். வீட்டுக்கு எடுத்துனு போங்க. இன்னொரு தபா என் வண்டிமேல கை வச்சீங்க, அப்புறம் மாமான்னு பாக்கமாட்டேன்."