நடுவில் பச்சை, சுற்றிலும் சிவப்பு

தொலைநோக்கிக் கேமராவைத் திறந்த மெக்கானிக்குக்குக் குப்பென்று வியர்த்தது. ஹைட்ரஜன் ஃபில்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஆக்ஸிஜன் ஃபில்டர் உட்கார்ந்திருந்தது. ஆக்ஸிஜன் இடத்தில் ஹைட்ரஜன். போன வாரம் துடைத்து மாட்டியவன் சாட்சாத் அவனேதான். அன்றைக்குத்தான், படங்களுக்கு வண்ணமேற்றும் பெண்ணிடம் "என்னைக் கட்டிக்கிறீங்களா?" என்று கேட்டிருந்தான். "முதல்ல இந்தப் படம் முடியட்டும், சொல்றேன்" என்றாள் அவள். அதற்கே தலைகால் புரியாமல் மிதந்தவன் கையில் ஃபில்டரைக் கொடுத்தால் வேறென்ன நடக்கும்?

நட்சத்திரங்கள் பிறக்கும் மேகம் ஒன்றைத்தான் படம் பிடித்திருந்தார்கள். ஒரு ஃபில்டர் ஒரு வாயுவின் வெளிச்சத்தை மட்டும்தான் உள்ளே விடும்; ஒவ்வொன்றின் வழியாகவும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். ஹைட்ரஜன் படத்துக்குச் சிவப்பு, ஆக்ஸிஜன் படத்துக்குப் பச்சை என்று ஏற்றி அவள் ஒன்றாக்குவாள். இப்போது எல்லாம் தலைகீழ். கல்யாணமும் அம்பேல்!

விழுந்தடித்து அவள் அறைக்கு ஓடினான்.

"வாங்க, படம் முடிஞ்சிருச்சு" என்றாள்.

அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். "தப்பு பண்ணிட்டேங்க. ஃபில்டரை மாத்தி மாட்டிட்டேன். நிறமெல்லாம் ஏறுக்குமாறா இருக்கும்."

"கண்ணைத் திறந்து பாருங்க. நடுவுல நட்சத்திரம் கொதிக்குது. அவ்வளவு சூடான வெளிச்சம் பட்டாத்தான் ஆக்ஸிஜன் பச்சையா மின்னும். கொஞ்சம் தள்ளிப் போனா ஹைட்ரஜனோட சிவப்பு. அந்த ஓரத்து நீலம், தூசியில பட்டுச் சிதறுற வெளிச்சம். எல்லாம் அதது இடத்துலதான் இருக்கு."

"இல்லைங்க, சத்தியமா மாத்திட்டேன்!" தன் தப்பைத் தப்பென்று ஒப்புக்கொள்ளச் சொல்லி இப்படி மன்றாடியவன் உலகத்திலேயே இவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

அவள் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, கணினியில் தான் செய்ததை ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்த்தாள். சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஹைட்ரஜன் என்று பெயர் போட்ட படத்துக்குப் பச்சை, ஆக்ஸிஜனுக்குச் சிவப்பு! இத்தனை வருட வேலையில் அவள் இப்படிச் சறுக்கியதே இல்லை. இவன் கோணலை அவள் கோணல் நேராக்கிவிட்டது.

"நீங்க எப்படிங்க மாத்துனீங்க?" என்றான், வாயைப் பிளந்து.

"உங்களுக்கு எந்த ஞாபகத்துல கை மாறுச்சோ, அதே ஞாபகத்துலதான்."

மரமண்டைக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. உறைத்ததும் துள்ளியதில் நாற்காலி கவிழ்ந்தது.

"அப்போ... பதில்?"

"அதான் வந்ததுமே சொன்னேனே, படம் முடிஞ்சிருச்சுன்னு" என்றாள் அவள், முகமெல்லாம் ஹைட்ரஜனாக.