மீட்டர் மேல் ஒரு துண்டு

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. போன செவ்வாய்க்கிழமை ஒரு டாக்சிக்காரன் மேல் வந்த கோபம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். இரண்டு பத்தி தாண்டவில்லை, கோபம் ஆள் மாறிவிட்டது. அதனால் கதையில் வரும் கணவனை 'அவன்' என்று எழுதுகிறேன். 'நான்' என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

2.

முதல் தொடக்கம்: அந்நிய மண்ணில் அந்தக் காலை வெயில் மெல்ல...

(சீ. வெயிலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்.)

இரண்டாவது: இந்த நாட்டில் எல்லா டாக்சியிலும் மீட்டர் உண்டு. ஓடுகிற மீட்டரைத்தான் அவன் மூன்று வருடமாகப் பார்த்ததில்லை. ஒன்றில் ரிப்பேர், ஒன்றில் ஒயரே இல்லை. இந்த வண்டியில் மீட்டர் மேல் துண்டு போர்த்தியிருந்தது. கேட்க நாதியில்லை என்ற திமிர்.

(இது இருக்கட்டும்.)

3.

அவன் மனைவி, ஊரில் இருந்தபோது ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவள். இங்கே வேலை செய்ய அனுமதி வாங்கவே இரண்டு வருடம் ஆனது. அன்று ஒன்பதரைக்கு முதல் இன்டர்வியூ. சான்றிதழ் பையை மடியில் வைத்துக்கொண்டு, "மீட்டர் போடச் சொல்லுங்க" என்றாள்.

அவன் தமிழில், சத்தமாகவே சொன்னான். "பேசாம வா. இருபதுதான் ஆகும். நாப்பது கேட்டாக்கூடக் கொடுத்துடலாம். இவன்கிட்ட யாரு மல்லுக்கட்டுறது."

வெளிநாட்டில் நம் ஆட்கள் எல்லோரும் செய்கிற தவறு இது. தமிழில் பேசினால் யாருக்கும் புரியாது என்று ஒரு நினைப்பு. நம்மவர்களையே வருடக்கணக்கில் ஏற்றி இறக்குகிறவனுக்குப் புரியாமல் இருக்குமா?

டிரைவர் கண்ணாடியில் பார்த்தான். "நாப்பது" என்றான், தமிழில். "சார்தானே சொன்னாரு."

4.

(இந்த இடத்தில் கணவனை மூன்று முறை திருத்தினேன். ஒரு தடவை டிரைவரின் சட்டையைப் பிடித்தான். இன்னொரு தடவை போலீசுக்கு... வேண்டாம். எனக்கே சிரிப்பு வந்தது.)

நடந்தது இதுதான். "வண்டிய நிறுத்துங்க" என்றாள் அவள். "துண்டை எடுங்க. இல்லன்னா நாங்க இறங்கிக்கிறோம்."

டிரைவர் ஓரங்கட்டினான். அவள் இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வாங்க."

"நேரமாச்சும்மா. சீன் போடாத, ஏறு" என்றான் கணவன், உள்ளிருந்தபடியே.

அவள் கதவைச் சாத்திவிட்டு நடந்தாள்.

5.

முடிவு ஒன்று: சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். வேலை கிடைத்தது.

(பொய். இருபது நிமிடம் தாமதம். உள்ளேயே விடவில்லை.)

முடிவு இரண்டு: அவன் பணத்தை விட்டெறிந்துவிட்டு அவள் பின்னாலேயே ஓடி...

இந்த வரியை அவள் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள். ஒரு வாரமாக முகம் கொடுத்துப் பேசாதவள்.

"அந்த டிரைவரை என்ன வேணா திட்டி எழுதுங்க. எனக்கு வேலை கிடைச்ச மாதிரியும் எழுதிக்கோங்க. நீங்க ஓடி வந்த மாதிரி மட்டும் எழுதாதீங்க."

அந்த வரியை அடித்துவிட்டேன். அவளிடம் இதுவரை சொல்லாததை எழுதுகிறேன். கதவு சாத்தியதும் டிரைவர் திரும்பி, "நீங்க இறங்கலையா சார்?" என்று கேட்டான். நான் என் ஆபீஸ் விலாசத்தைச் சொன்னேன். நாற்பதையும் கொடுத்தேன். போதாக்குறைக்கு நன்றி வேறு சொன்னேன்.

காகிதத்தை மேசை மேலேயே விட்டுவிட்டுப் போகிறேன். படித்துவிட்டு அவள் என்ன செய்வாள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அதை எழுத எனக்குத் தைரியம் இல்லை.