மனச்சான்று ஏடுகள்

சபைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், சன்னல் இல்லாத நீண்ட அறை ஒன்றில், இரண்டாயிரத்து நானூறு பேருடைய மனச்சான்று அடுக்கி வைக்கப்பட்டிருந்தது.

சபையில் சேரும் ஒவ்வொருவருக்கும் சாம்பல்நிற அட்டை போட்ட ஏடு ஒன்று தரப்படும். வாரத்தில் ஒரு நாள் ஏடெழுதும் நாள். அந்த வாரம் செய்த தவறுகளை மறைக்காமல் ஒரு பக்கம் எழுதிக் கீழ்த்தளத்துக் கவுன்ட்டரில் கொடுத்துவிட வேண்டும். மாடியில் அவற்றை வாசிக்க இருவர் இருந்தார்கள். வாசித்து, ஓரத்தில் பச்சை மையால் இரண்டு வரி ஆறுதல் எழுதுவார்கள். அந்த இருவரில் மூத்தவரை எல்லோரும் பச்சைமைக்காரர் என்றழைத்தார்கள். பதினெட்டு ஆண்டுப் பணி தந்த பட்டம் அது.

அவர் அந்த வேலையை நம்பிச் செய்தார். பேருந்து நடத்துநர் ஒருவர் ஆண்டுக்கணக்காக ஒரே வரியை எழுதி வந்தார்: "சில்லறை கேட்ட பயணியை மனதுக்குள் திட்டினேன்." பொறுத்துப் பார்த்த பச்சைமைக்காரர் ஒரு வாரம், "அடுத்த முறை வாய்விட்டே திட்டிவிடுங்கள், பாரம் குறையும்" என்று எழுதி, செயலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். மனிதன் தன் அழுக்கைத் தானே பார்க்கத் துணிந்தால் உலகம் வெளுத்துவிடும் என்பது அவர் கொள்கை. புதியவர்களுக்கான சிற்றேட்டில், "ஒரு வரியை மறைத்தால் மற்ற வரிகள் அனைத்தும் பொய்யாகும்" என்ற வாசகத்தை எழுதியவரும் அவரே.

ஏடெழுதும் நாளுக்கு முந்தின நாள், காலையிலேயே செயலாளர் மாடியேறி வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"நர்ஸம்மா ஏட்டை எடுங்க. பழசும் சேர்த்து."

"எந்த நர்ஸம்மா சார்?"

"இன்னும் மூணு நாள்ல விசாரணையில வாயைத் திறக்கப் போறாங்களே, அந்த நர்ஸம்மா. வேற எத்தனை பேர் நம்ம ஆஸ்பத்திரியை நாறடிக்கக் கிளம்பியிருக்காங்க?"

விவகாரம் ஊரறிந்தது. சபையின் மருத்துவமனையில் ஒரே பகலில் மூன்று நோயாளிகள் மூச்சுக்குத் தவித்து இறந்தார்கள். ஆக்ஸிஜன் சிலிண்டர்கள் காலியாக இருந்தன. சபைத் தலைவரான அருளாளர், "நம்பிக்கை குறையுற வார்டுலதான் சிலிண்டர் அதிகமாத் தேவைப்படும்" என்று சொல்லிக் கொள்முதலைப் பாதியாக வெட்டியிருந்தார். சிலிண்டர் வேண்டுமென்று மூன்று நாள் தொடர்ந்து எழுதிக் கொடுத்தவள் அந்தச் செவிலி. அவள் எழுதிய தாள்கள் காணாமற் போயின. பதிவேட்டில் சிலிண்டர்கள் நிரம்பி வழிந்தன. மிச்சமிருந்தது அவளுடைய வாய் ஒன்றுதான்.

"ஏடு எதுக்கு சார்?"

"மனுஷங்கதானே, ஏதாவது எழுதியிருப்பாங்க. அருளாளர் கூப்பிட்டு நல்ல வார்த்தை சொல்லுவாரு. போன வருஷம் அந்த டீச்சருக்குச் சொன்ன மாதிரி."

பச்சைமைக்காரர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். அந்த ஆசிரியை சபைப் பள்ளியில் சம்பளக் குறைப்பை எதிர்த்தவள். நல்ல வார்த்தை கேட்ட மறுவாரம் வேலையை விட்டுப் போனாள். அதற்கு முந்திய ஆண்டு லாரி ஓட்டுநர் சங்கத் தலைவர். அவரும் நல்ல வார்த்தை கேட்டார், வேலைநிறுத்தத்தைக் கைவிட்டார். இரண்டு ஏடுகளையும் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தவை யாருடைய கைகள்? ஆறுதலுக்குத்தானே என்று நம்பியல்லவா கொடுத்தார்! நம்பினாரா, நம்புவது வசதியாக இருந்ததா?

"பழைய ஏடெல்லாம் கலைஞ்சு கிடக்கு சார். நாளைக்குத் தேடித் தரேன்."

"சீக்கிரம் தேடுங்க. பாவம் ஓடிப்போயிடாது, விசாரணைத் தேதி ஓடி வருது" என்று சொல்லித் தானே சிரித்துக்கொண்டு இறங்கிப் போனார் செயலாளர்.

தேட வேண்டிய தேவையே இல்லை. பதினோரு ஆண்டுகளுக்கு முந்திய அந்தப் பக்கம் பச்சைமைக்காரருக்கு மனப்பாடம். இரண்டு ஷிப்டு தொடர்ந்து பார்த்த களைப்பில் அந்தச் செவிலி, பக்கத்துக் கட்டிலுக்குப் போட வேண்டிய ஊசியை ஒரு முதியவருக்குப் போட்டுவிட்டாள். ஒரு மணி நேரத்தில் அவர் இறந்தார். மாரடைப்பு என்று டாக்டர் எழுதினார். இவள் வாய் திறக்கவில்லை. ஓரத்தில் தான் எழுதிய ஆறுதலும் அவருக்கு நினைவிருந்தது: "இந்தச் சொல் இந்த அறையைத் தாண்டாது. நான் பொறுப்பு."

அந்த ஏட்டை எடுத்தார். நடுவில் தைத்த ஏடு. ஒரு தாளை மட்டும் உருவினால் அதன் இணைத்தாள் தனியே தொங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். நூலைத் தளர்த்தி இரண்டையும் சேர்த்தே உருவினார். இணைத்தாளில் அவள், தங்கச்சி புடவையைக் கேட்காமல் உடுத்திக்கொண்டதை எழுதியிருந்தாள். உயிரும் புடவையும் ஒரே மடிப்பில் இருந்தன. சட்டைக்குள் செருகிக்கொண்டு மாலையில் வீட்டுக்கு நடந்தார்.

அவருடைய மனைவி மருத்துவமனைக்குத் திரைச்சீலை தைப்பவள். அவள் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருக்கும்போது அவர் சமையலறைக்குள் போய் அடுப்பைப் பற்றவைத்தார். காகிதம் கருகும் வாடை அவளை எழுப்பிக் கொண்டுவந்தது.

"என்னங்க இது? ஏட்டுத்தாள் மாதிரி இருக்கு?"

பொய் சொல்லப் பழகாத மனிதர், கேட்டவுடனே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். ஊசி, முதியவர், செயலாளர், ஆசிரியை, எல்லாம். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். கடைசியில் அவள் சொன்னது ஒன்றுதான்.

"நாளைக்கு ஏடெழுதற நாளுங்க."

"அதனால?"

"நான் பாத்துட்டேனே."

"பாத்ததையெல்லாம் எழுதணுமா? ஒரே ஒரு வாரம் விட்டுடும்மா. குழம்புல உப்பு அதிகமாயிடுச்சுன்னு எழுது, எதிர்வீட்டுக்காரியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்னு எழுது."

"கிண்டல் பண்ணாதீங்க. ஒரு வரியை மறைச்சா மத்த வரியெல்லாம் பொய்யின்னு யாரு எழுதினது?"

"நான்தான். கிறுக்குத்தனமா எழுதிட்டேன், போதுமா?"

"நம்ம குழந்தை போனப்ப நீங்க பாட்டுக்கு அந்த மாடியில போய் உக்காந்துட்டீங்க. என்னைப் பிடிச்சு நிறுத்தினது அந்த ஏடு மட்டும்தான். தூக்கு மாட்டிக்கலாம்னு தோணுச்சுன்னு எழுதினேன். அதுக்கும் ஒரு அம்மா ஆறுதல் எழுதினாங்க. அதுல போய்ப் பொய் எழுதச் சொல்றீங்களா?"

"அந்த நர்ஸம்மா அழிஞ்சு போவாங்கடி!"

"நான் அவங்க மேல ஒண்ணும் குத்தம் சொல்லலையே. நாம பண்ணின தப்பைத்தானே எழுதறேன்."

வெறி பிடித்தவளாக இருந்தால் அதட்டலாம், பேராசைக்காரியாக இருந்தால் ஆசை காட்டலாம். அவள் நல்லவள். நல்லவர்களின் நாணயத்தையே உளவாளியாக்கத் தெரிந்த பின்பு, அருளாளருக்கு வேறு ஒற்றர்கள் எதற்கு?

மறுநாள் அவள் எழுதினாள், மறைக்காமல் எழுதினாள். நண்பகலில் அந்த ஏடு மாடிக்கு வந்து, எதிர் மேசையில் இருந்த இளைய வாசிப்பாளரான அம்மாளின் அடுக்கில் அமர்ந்தது. பச்சைமைக்காரர் எழுந்து போய் நின்றார்.

"அம்மா, அந்த ஒரு ஏட்டை மட்டும் என்கிட்ட குடுங்களேன்."

"உங்க வீட்டு ஏட்டை நீங்க தொடக் கூடாது சார். ஏன், என்ன எழுதியிருக்காங்க?" என்றபடியே அந்த அம்மாள் திறந்துவிட்டாள். வாசிக்க வாசிக்க அவள் முகம் வெளிறியது. பிறகு அவரை நிமிர்ந்தே பார்க்காமல், ஏட்டை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள். போகும்போது சன்னமாகச் சொன்னாள்: "என் ஏடும் கீழே செயலாளர் கையிலதான் சார் இருக்கு."

அதற்கடுத்த நாள் பிற்பகலில் பேரவை கூடியது. பெரிய மண்டபம், வரிசை வரிசையாக நாற்காலிகள், மேடையில் வெண்ணிற உடையில் அருளாளர். அவர் செவிலியை எழுந்து நிற்கச் சொன்னார். தேன் தடவிய குரலில் கேட்டார்.

"மகளே, பதினோரு வருஷத்துக்கு முன்னாடி ஊசியை மாத்திப் போட்டு ஒரு பெரியவர் உயிர் போச்சுன்னு ஏட்டுல எழுதினியா, இல்லையா?"

பக்கம் சாம்பலாகிவிட்டது. காட்டுவதற்கு அவர்களிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. "இல்லை" என்று மூன்று எழுத்தில் அவள் தப்பித்துவிடலாம். நான்காம் வரிசையில் இருந்த பச்சைமைக்காரர் வாழ்க்கையிலேயே முதன்முறையாக ஒரு பொய்க்காக வேண்டிக்கொண்டார்.

"எழுதினேன்" என்றாள் அவள்.

மண்டபம் மூச்சை உள்ளிழுத்தது. அருளாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாத்தீங்களா? அன்னைக்கு ஒண்ணு. இப்ப மூணு. பழி மட்டும் சிலிண்டர் மேல!"

"அன்னைக்குச் செஞ்சது நான்தான். இந்த மூணு பேரும் காத்து இல்லாம செத்தாங்க. ரெண்டையும் விசாரணை அதிகாரிகிட்ட..." அவள் முடிப்பதற்குள் அருளாளரின் கை உயர்ந்தது, பாடகர்கள் வழிபாட்டுப் பாட்டை எடுத்தார்கள். ஒலிபெருக்கியின் முழக்கத்தில் ஒரு பெண்ணின் உண்மை அமுங்கிப் போயிற்று.

பச்சைமைக்காரர் நாற்காலி மேல் ஏறினார். தொண்டை கிழியக் கத்தினார்.

"உங்க ஏட்டையெல்லாம் வாசிச்சவன் நான்! ஆறுதல் சொல்லத்தான் வாங்குறாங்கன்னு நம்பினேன். இல்லைங்க, உங்க கழுத்துக்குக் கயிறு திரிக்கத்தான்! இந்தாங்க சாவி, மேல போய் அவங்கவங்க ஏட்டை எடுத்துட்டு வீட்டுக்குப் போங்க!"

பாட்டு நின்றது. அருளாளர்கூட ஒரு கணம் தடுமாறினார். அந்த ஒரு கணத்தில் இரண்டாயிரம் பேர் எழுந்திருந்தால் அந்த மேடை என்னவாகியிருக்கும்!

ஒருவரும் எழவில்லை. நடத்துநர் தரையைப் பார்த்தார். முன்வரிசைப் பெண் பக்கத்தில் இருந்த கணவனை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு வெலவெலத்துப் போனாள். அவர்கள் அஞ்சியது மேடையில் நின்றவரை அன்று. நாற்காலி மேல் நின்ற இவரை. அடுத்து யார் பக்கத்தைச் சொல்லப் போகிறதோ அந்த வாய்!

அவர் இறங்கி நடந்தார். வரிசையாகக் கால்களை உள்ளிழுத்துக்கொண்டார்கள். அவருடைய மனைவியும் இழுத்துக்கொண்டாள். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, ஆனால் எழுந்து வரவில்லை.

வாயிலுக்கு வெளியே செவிலி கைப்பையோடு நின்றிருந்தாள்.

"பக்கத்தை எரிச்சுட்டீங்களாமே சார். வாசிக்கிற அம்மா இப்பத்தான் சொன்னாங்க."

"உங்களைக் காப்பாத்தணும்னுதான்மா எரிச்சேன்."

"என்கிட்ட ஏன் கொடுக்கலை?"

அப்படி ஒரு வழி இருந்தது என்பதே அவருக்குத் தோன்றவில்லை. பதினெட்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட, எழுதியவர்களுக்கே அந்தப் பக்கங்கள் சொந்தம் என்று தோன்றியதில்லை.

"என் கையெழுத்து சார் அது. என் கையில இருந்திருந்தா நானே அதிகாரி மேசையில வெச்சிருப்பேன். இவங்க சொல்றதுக்கு முன்னாடி நான் சொன்னதா ஆகியிருக்கும். இனிமே நான் மாட்டிக்கிட்டு ஒத்துக்கிட்டவ. நாளைக்கு அதிகாரி எல்லாத்தையும் எழுதிக்குவாரு. ஒரு வரியும் நம்ப மாட்டாரு."

"அம்மா, நான்..."

"விடுங்க. எனக்கும் புத்தி இல்லை. ஏட்டுல எழுதினதையே சொல்லிட்டதா நினைச்சுட்டு இருந்துட்டேன். யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்டச் சொல்லவே இல்லை. அந்தப் பெரியவரோட மகன் இன்னும் சலவைக்கடைத் தெருவுலதான் இருக்காரு. பதினோரு வருஷமா அந்தத் தெருவைச் சுத்திக்கிட்டுத்தான் வேலைக்குப் போறேன்."

"இப்ப அங்கயா போறீங்க? அடிச்சாலும் அடிப்பாங்கம்மா."

"அடிக்கட்டும். ஒலிபெருக்கில சொன்னது அவர் காதுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள நான் போய்ச் சேரணும்."

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் வேகமாக நடந்தாள். அவர் இரண்டு அடி பின்னாலேயே போனார். திரும்பிப் பார்க்காமலே கையை அசைத்து அவரை நிற்கச் சொன்னாள். உள்ளே மீண்டும் பாட்டுத் தொடங்கியிருந்தது.